கோட்டுப் பைக்குள் ஆறு கிழமை

போன மாதம் கொலோனில் எங்கள் சங்க மண்டபத்தில், கணக்குத் துறையில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி தொடங்கியிருக்கிற பன்னிரண்டு பிள்ளைகளுக்கு முன்னால் என்னைக் கொண்டுபோய் இருத்தினார்கள். வரி ஆலோசகர் அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவன், நாலு நல்ல வார்த்தை சொல்லுவான் என்று நினைத்திருப்பார்கள். நான் பேச முதல் பிள்ளைகளைக் கேட்டேன், இந்தத் தொழிலில் வெற்றி என்றால் என்ன என்று. ஒரு தம்பி சொந்த அலுவலகம், வாசலில் பித்தளைப் பலகை என்றார். இன்னொருவர் கம்பனிக் கார் என்றார். என்ன நிறம் என்று கூடச் சொன்னார். முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பிள்ளை மட்டும் கேள்வியைத் திருப்பி என்னிடமே போட்டாள்.

“அங்கிள், உங்கட பெரிய வெற்றி என்ன?”

கொஞ்சமும் யோசிக்காமல், “கணக்காளர் பரீட்சையை மூண்டாம் தரம் எழுதிப் பாஸ் பண்ணினது” என்றேன். கைதட்டினார்கள். வடையும் தேத்தண்ணீரும் தந்தார்கள். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே எனக்கு என்மேல் எரிச்சல் வந்துவிட்டது. அந்தப் பிள்ளை நேராகக் கேட்டாள், நான் மேடைக்குத் தோதான பதிலைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். ஆகவே பிள்ளைகளே, இதை வாசியுங்கள். இந்தக் கதையில் நான் நல்லவனாக வரமாட்டேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஆறு பேர் வேலை செய்யும் சின்ன அலுவலகம். அதை நடத்தியவர் என் வயதேயான ஒரு ஜெர்மன் பெண். அவரை ஷெஃபின் என்றே சொல்வோம். பெண் முதலாளிக்கு இங்கே அதுதான் சொல். அவர் சிரிக்கமாட்டார் என்று இல்லை, சிரிப்பதற்கும் நாட்காட்டியில் நேரம் பார்த்து ஒரு டேர்மின் குறித்து வைத்திருப்பார் போலிருக்கும். வரி ஆலோசகர் என்ற பட்டம் அவருடையது. முத்திரையும் கையொப்பமும் அவருடையவை. நான் உதவியாளன். ஆனால் வருட முடிவில் புதிதாக மூன்று பேரை எடுத்து ஒரு பிரிவை என் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருந்தார். அதை நான் மனைவியிடம் ஒரு கிழமையில் நாலு தரம் சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமைகளில் என் நிலைமை வேறு. எங்கள் ஆட்களின் பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீடு, கலியாணவீடு எதற்குப் போனாலும், ஒலிவாங்கி வைத்திருப்பவர் என்னைக் கண்டதும், “எங்கட வரி ஆலோசகர் அண்ணையும் வந்திருக்கிறார்” என்று அறிவிப்பார். முன்வரிசையில் கதிரை கிடைக்கும். ஒருநாளாவது நான் எழும்பி, இல்லை, நான் அங்கே உதவியாளன் என்று சொன்னதில்லை. ஏன் பொய் சொல்ல, கேட்க நன்றாகத்தான் இருந்தது. வந்த புதிதில் இதே நகரத்தில் உணவகமொன்றின் பின்பக்கத்தில் கோப்பை கழுவியவன் நான். முன்வரிசைக் கதிரை என்றால் சும்மாவா?

கதிரையோடு கடிதங்களும் வரும். சோறு தின்ற கை காய முதல் யாராவது பக்கத்தில் வந்து இருந்துகொண்டு, “அண்ணை, ஒருக்கா இதைப் பாருங்கோ” என்று உறையை நீட்டுவார்கள். வரி அலுவலகம், காப்புறுதி, பள்ளிக்கூடம், எதுவென்றாலும் ஜெர்மன் எழுத்து என்றால் என்னிடம். அலுவலக ஊழியன் வெளியாரின் வரிக் காரியத்தைத் தன்பாட்டில் பார்ப்பது இங்கே சட்டப்படி கூடாது. அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனால் எங்கள் சனத்திடம் “ஏலாது” என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அப்படி ஒரு சாமத்தியவீட்டில்தான் சுகந்தி வந்தாள். உடுப்புத் திருத்தும் சின்னத் தையல்கடை ஒன்றைத் தனியே நடத்திக்கொண்டிருந்தாள். பகலில் ஜெர்மன்காரரின் களிசான் மடித்துத் தைப்பாள், பின்னேரங்களில் எங்கள் பெண்களின் சட்டை. கலியாணம் கட்டி மூன்று வருடம். ஊருக்குப் போய்க் கட்டி, இருபத்தாறு நாள் சேர்ந்து இருந்துவிட்டுத் திரும்பியவள். புருசனை இங்கே கூப்பிட வெளிநாட்டவர் அலுவலகத்தில் அவள் கொடுத்த விண்ணப்பம் ஒருவழியாக அசைந்திருந்தது. அதற்கான கடிதம்தான் கையில்.

“அண்ணை, என்ர வருமானத்துக்கு வரி ஆலோசகர் உறுதிப்படுத்தின கணக்கு வேணுமாம். இது குடுத்தால் இவரை விடுவினம் போல கிடக்கு. நான் ஆரிட்டைப் போறது?”

“ஆரிட்டையும் போக வேண்டாம். எங்கட ஒபிஸில எடுத்துத் தாறன்” என்றேன். ஷெஃபினிடம் கேளாமலே. திகதியை மேலோட்டமாகப் பார்த்தேன், கெடுவுக்கு ஒன்றரை மாதம், ஆறு கிழமைக்கு மேல் இருந்தது. உறையைக் கோட்டின் உள்பைக்குள் வைத்தேன். அவள் கும்பிடாத குறை.

இப்போது கோட்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அலுவலகத்துக்கு நான் கம்பளிச் சட்டையோடுதான் போவேன். கோட்டு சூட்டு விசேஷ வீடுகளுக்கு மட்டும். அன்று இரவு வந்து அதைக் கழற்றி அலுமாரியில் கொழுவினேன், அடுத்த விசேஷம் வரும்வரை அது அங்கேயே தொங்கியது. உள்ளே சுகந்தியின் கடிதம். அடுத்த விசேஷம் ஆறு கிழமை கழித்து.

இடையில் அவள் ஒருநாள் வீட்டுக்குப் போன் எடுத்தாள். “அண்ணை, அந்த விசயம்…” என்று தொடங்கினாள். எந்த விசயம் என்று எனக்கு மட்டுமட்டாகக்கூட நினைவில்லை. அந்த மாதம் என்னிடம் ஏழெட்டுப் பேரின் விசயங்கள் இருந்தன. ஆனாலும் வாய் தானாகச் சொன்னது: “ஓம் ஓம், நடந்துகொண்டிருக்கு, பயப்பிடாதேங்கோ.” எல்லோருக்கும் நான் வைத்திருந்த பதில் அது ஒன்றுதான். பிள்ளைகளே, மறதியை நான் இன்றைக்கும் மன்னிப்பேன், எவருக்கும் வரும். அந்தப் பதிலை மட்டும் எனக்கு மன்னிக்க முடியவில்லை.

ஆறாவது கிழமைச் சனிக்கிழமை, கலியாணவீடு. அன்பளிப்பு உறையை உள்பைக்குள் வைத்துக்கொண்டு மேடைக்கு வரிசையில் போனேன். படப்பிடிப்பாளர் வெளிச்சம் போட்டுத் தயாராக நிற்கிறார். நான் சிரித்த முகத்தோடு உறையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு என் காதுக்குள், “அண்ணை, இது கவர்மெண்ட் கடிதம் போல கிடக்கு” என்றார். பார்த்தால் சாம்பல் நிற உறை, நடுவில் கண்ணாடித்தாள் ஜன்னல், அதற்குள் சுகந்தியின் பெயர். படத்தில் இன்றைக்கும் என் முகம் இருக்கிறது, பேயறைந்தவன் மாதிரி.

மேடையை விட்டு இறங்கிக் கழிப்பறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு கடிதத்தை முழுதாக வாசித்தேன். செவ்வாய்க்கிழமைக்குள் கணக்கு வந்து சேரவேண்டும், தவறினால் கையிலிருக்கும் ஆவணங்களை வைத்தே முடிவு செய்யப்படும் என்றிருந்தது. கையிலிருக்கும் ஆவணம் என்றால் ஒன்றும் இல்லை என்றுதான் அர்த்தம். மூன்று வருடக் காத்திருப்பு மறுபடியும் முதலிலிருந்து.

வெளியே வந்தால் சுகந்தி நிற்கிறாள். கலியாணப் பொம்பிளைக்குச் சட்டை தைத்தவள் அவள்தான். என்னைக் கண்டு தூரத்திலிருந்தே சிரித்தாள், கிட்ட வரவில்லை. பெரிய ஆளைக் கரைச்சல் படுத்தக்கூடாது என்ற மரியாதை. அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு நான் சாப்பிடாமல் வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு காலை அவள் வீட்டுக்குப் போய் இரண்டாவது பிழையைச் செய்தேன். “ஒபிஸில ஒரு சின்ன விளக்கம் கேக்கினம், பற்றுச்சீட்டு எல்லாத்தையும் தாங்கோ” என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அவள் தேத்தண்ணீர் போட்டுத் தந்துவிட்டு ஒரு பை நிறையத் தூக்கிக்கொண்டு வந்தாள். தையல்காரி அல்லவா, ஒவ்வொரு மாதத்துச் சீட்டையும் அடுக்கி மூலையில் நூலால் தைத்து வைத்திருந்தாள். தை மாதம் சிவப்பு நூல், மாசி பச்சை, பங்குனி மஞ்சள். அப்படி ஒழுங்கான கணக்கைப் பெரிய கம்பனிகளிலும் நான் பார்த்ததில்லை.

அலுவலகக் கதவின் திறப்பு, சாவி, என்னிடம் இருந்தது. என்னை நம்பித் தந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை, ஒரு குருவி இல்லை. அவசரத்தில் நூல்களையெல்லாம் கத்தரியால் அறுத்துத் தாள்களை மேசையில் பரப்பினேன். மதியத்துக்குள் கணக்கு முடிந்தது. அலுவலகத் தாளில் அச்சடித்தேன். ஷெஃபினின் மேசை இழுப்பறையைத் திறந்து முத்திரையை எடுத்துக் குத்தினேன். ஒரு கையொப்பம்தான் மிச்சம்.

பழைய தாளொன்றில் அவருடைய கையொப்பத்தைப் போட்டுப் பார்த்தேன். முதலாவது கோணல். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது அப்படியே அச்சு அசல் அவருடையது. அது அவ்வளவு நன்றாக வந்ததைக் கண்டுதான் பயந்தேன். எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அவருடைய வீட்டுக்குப் போன் எடுத்தேன். ஜெர்மன்காரரின் ஞாயிற்றுக்கிழமைக்குள் போன் எடுப்பது எப்படிப்பட்ட காரியம் என்று உங்களுக்குத் தெரியும்.

அரை மணித்தியாலத்தில் சைக்கிளில் வந்தார். தோட்டத்தில் நின்றிருக்கிறார், முழங்காலில் மண்.

“யாருக்காவது விபத்தா?” என்று கேட்டார்.

“இல்லை.”

“அப்படியானால் இருந்து சொல்லுங்கள்.”

சொன்னேன். கோட்டு, சாமத்தியவீடு, போன், பொய், எல்லாவற்றையும். அவர் பழைய தாளிலிருந்த மூன்று கையொப்பங்களையும் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“மூன்றாவது நன்றாக இருக்கிறது” என்றார்.

எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பிறகு என் கணக்கை எடுத்து, சிவப்பும் பச்சையுமாக மேசையில் கிடந்த நூல் துண்டுகளை ஒதுக்கிவிட்டுத் தாள் தாளாகப் பார்த்தார். பத்து நிமிடம் ஆகவில்லை.

“ஆவணி மாதக் கடை வாடகை எங்கே?”

இல்லை. நூலை அறுத்துக் கலந்ததில் அந்தச் சீட்டு வேறொரு தாளுக்கு அடியில் போயிருந்தது. வாடகை ஒப்பந்தம் ஏற்கெனவே வெளிநாட்டவர் அலுவலகக் கோப்பில் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் கணக்கு பொய்யென்று எழுதியிருப்பார்கள், பிறகு அந்தப் பெண் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் சந்தேகம்தான். என் மானத்தைக் காப்பாற்ற நான் செய்த காரியம் அவளுடைய புருசனை இன்னும் எத்தனை வருடம் அங்கேயே நிறுத்தியிருக்கும்?

ஷெஃபின் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “கெடு செவ்வாய்க்கிழமை. இன்னும் முடியவில்லை. முடிய முதல் கேட்டால் பெரும்பாலும் கால நீடிப்புத் தருவார்கள். வாடிக்கையாளர்களுக்காகக் கிழமையில் நாலு தரம் நீங்களே கேட்கிறீர்கள். இதற்கு ஏன் கேட்கவில்லை?”

நான் மேசையில் கிடந்த நூல் துண்டுகளைப் பொறுக்கினேன்.

“உங்களிடம் ஒரு கேள்வி கேட்டேன்” என்றார்.

“கேட்டால் காரணம் சொல்லவேண்டும்” என்றேன். “காரணம் நான்.”

அவ்வளவுதான், பிள்ளைகளே. ‘நான் மறந்துபோனேன்’ என்று ஒரு வசனம். அதைச் சொல்லாமல் தப்புவதற்காக ஒரு பொய், களவாக ஒரு முத்திரை, மூன்று கள்ளக் கையொப்பம் என்று காலையிலிருந்து வேலை செய்திருக்கிறேன். சோம்பேறி என்று ஒருவரும் என்னைச் சொல்ல முடியாது.

முத்திரை குத்திய தாளை அவர் நாலாகக் கிழித்தார். பிறகு கையை நீட்டினார். எனக்கு முதலில் விளங்கவில்லை. திறப்பைக் கேட்கிறார். கோர்வையிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். “நாளை எட்டு மணிக்கு அந்தப் பெண்ணை இங்கே கூட்டிவாருங்கள். அவர் சம்மதித்தால் இந்த அலுவலகத்தின் வாடிக்கையாளராக எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அவரிடம் இன்றைக்கே போய் உண்மையைச் சொல்லுங்கள். அதை உங்களுக்காக நான் செய்யமாட்டேன்” என்றார். மண் ஒட்டிய முழங்காலோடு சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

பின்னேரம் சுகந்தியின் கதவைத் தட்டினேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் முதலில் கேட்டது, “மறுத்துப்போட்டினமோ அண்ணை?”

“இல்லை. இன்னும் குடுக்கவே இல்லை. உம்மட கடிதம் ஆறு கிழமையா என்ர கோட்டுக்குள்ள கிடந்தது. மறந்துபோனன். காலமை வந்து சொன்னது பொய்.”

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். உள்ளே வாங்கோ என்று சொல்லவில்லை.

“போன் எடுத்தனான் எல்லோ? நடக்குது எண்டு சொன்னனீங்கள்.”

“ஓம். சொன்னனான்.”

“ஆறு கிழமையா நான் ஒவ்வொரு நாளும் கடையைப் பூட்டிப்போட்டு ஓடிவந்து போஸ்ட் பெட்டியைத்தான் முதல் பாக்கிறனான், தெரியுமோ? அவர் போன் எடுத்துக் கேக்கேக்க, எங்கட அண்ணை செய்யிறார், அவர் பெரிய ஆள், பயப்பிடாதேங்கோ எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன். உங்களை நம்பித்தானே அண்ணை?” குரல் உடைந்துவிட்டது. “ஏலாது எண்டு அண்டைக்கே சொல்லியிருந்தால் நான் வேற ஆரையும் பாத்திருப்பன்.”

எனக்கும் அழுகை வந்தது. அவள் முன்னால் அழுதால் அவள் என்னைத் தேற்றவேண்டி வரும், அதுவும் அநியாயம் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டேன். எட்டு மணிக்கு வரச்சொல்லிவிட்டு இறங்கினேன். படியில் பாதி வந்தபோது மேலே கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே வந்துவிட்டாள். ஷெஃபின் அவளுக்குக் கைகொடுத்து இருத்தி, தொலைபேசியை என் பக்கம் தள்ளினார். மறுமுனையில் ஒரு அதிகாரி. சுகந்தி தன் பெயரைச் சொல்லி, என்னைப் பேச அனுமதிப்பதாகச் சொன்னாள். நான் சொன்னேன், கடிதம் என்னிடம் இருந்தது, நான் கோட்டுப் பையில் வைத்து மறந்துவிட்டேன், இந்தப் பெண்ணின் பிழை ஒன்றும் இல்லை என்று. தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு அந்த மனிதர், “இரண்டு கிழமை போதுமா?” என்றார்.

போதும் என்றேன். அவ்வளவு லேசான காரியம் அது.

கணக்கைச் சரியாகச் செய்து, ஷெஃபின் தன் கையால் ஒப்பமிட்டு அனுப்பினார். அறுத்த நூல்களுக்குப் பதிலாக நான் ஒவ்வொரு மாதமாக அடுக்கி ஊசியால் தைத்துக் கொடுத்தேன். சுகந்தி என் தையலை விரலால் ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தாள்.

அந்த வருட முடிவில் மூன்று பேர் புதிதாக வந்தார்கள். பிரிவு பக்கத்து மேசைக்காரருக்குப் போனது. என்னைவிட நாலு வருடம் பிந்தி வந்தவர். எனக்குக் கோபம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். வேலையை விட்டுவிடுவேன் என்று வீட்டில் கத்தினேன். மனைவி, “விட்டிட்டு? கலியாணவீட்டில முன்வரிசையில இருக்கப் போறியளோ?” என்று கேட்டாள். பிறகு கத்தவில்லை. ஒரு நல்ல காரியம் நடந்தது. அடுத்த சாமத்தியவீட்டில் ஒலிவாங்கிக்காரரிடம் போய், “நான் ஆலோசகர் இல்லை, உதவியாளர். அப்பிடியே சொல்லுங்கோ” என்றேன். அவர் அதற்குப் பிறகு என்னை அறிவிக்கவே இல்லை. மூன்றாவது வரிசையில் இருந்து சாப்பிட்டேன். கடிதம் நீட்டியவர்களுக்கு, திங்கட்கிழமை ஒபிஸுக்கு வாங்கோ என்றேன். சிலர் வந்தார்கள். சிலர், உவருக்கு இப்ப தலைக்கனம் என்றார்கள்.

சுகந்தியின் புருசன் அடுத்த வசந்தத்தில் வந்து சேர்ந்தார். என் மனைவிதான் சொன்னாள். விமான நிலையத்துக்கு எத்தனையோ பேரைக் கூப்பிட்டிருக்கிறாள், எங்களைக் கூப்பிடவில்லை. அது எனக்குப் பட்டது. படவேண்டியதுதான். அலுவலகத்துக்கு ஏதாவது கடிதம் வந்தால் அவள் ஷெஃபினிடம் நேரே கொடுப்பாள். என் மேசையைத் தாண்டிப் போகும்போது தலையை மட்டும் அசைப்பாள்.

அப்படி ஒன்றரை வருடம் போனது. எனக்கு வயிறு வைத்துவிட்டது, கோட்டுப் பொத்தான் பூட்டுதில்லை. மனைவி அதை மடித்துப் பையில் போட்டுக் கையில் தந்து, “சுகந்தியிட்டைக் குடுத்துத் தளர்த்திக்கொண்டு வாங்கோ” என்றாள். வேறு கடை இல்லையா என்று கேட்டேன். “இருக்கு. நீங்கள் அங்கதான் போறியள்” என்றாள்.

கடையில் அவளுடைய புருசன் இஸ்திரிக்கைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை யாரென்று தெரிந்துதான் இருக்கவேண்டும், கதிரையைத் துடைத்துப் போட்டார். சுகந்தி கோட்டை வாங்கி விரித்துப் பார்த்தாள். எந்தக் கோட்டு என்று இரண்டு பேருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை வரச்சொன்னாள்.

வெள்ளிக்கிழமை போய்ப் போட்டுப் பார்த்தேன். அளவு கச்சிதம். வழக்கம்போல மூக்குக்கண்ணாடியை உள்பைக்குள் வைக்கப்போனேன், கை உள்ளே போகவில்லை. பார்த்தால் பையின் வாயை நெருக்கமாகத் தைத்து மூடியிருக்கிறாள். சிவப்பு நூல்.

“அண்ணை, இதுக்குள்ள இனி ஒண்டும் வைக்கேலாது” என்றாள். சிரிக்கவில்லை, ஆனால் கண் சிரித்தது. புருசன் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் காசைக் கொடுத்துவிட்டுக் கதவடிக்குப் போனேன். “நில்லுங்கோ” என்றாள். மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சாம்பல் நிற உறையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“இது நேற்று வந்தது. எங்கள் ரெண்டு பேருக்கும் விளங்கேல்லை. நீங்கள் ஒபிஸுக்குக் கொண்டுபோய்ப் பாத்துச் சொல்லுங்கோ.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள், “கையில பிடிச்சுக்கொண்டு போங்கோ.”

அடுத்த மாதம் என் மேசையில் திறப்பு கிடந்தது. ஷெஃபின் வைத்ததுதான், எடுத்துக் கோர்வையில் கொழுவினேன். பரீட்சையும் பிறகு ஒருமாதிரிப் பாஸானேன். அவையெல்லாம் நல்ல விசயங்கள்தான். உங்களுக்கும் பித்தளைப் பலகை வரட்டும், கார் வரட்டும், வேண்டாம் என்று நான் ஏன் சொல்லப்போகிறேன்?

ஆனால் கண்ணாடி போட்ட பிள்ளையே, நீ கேட்டதற்குப் பதில் இது. அந்த வெள்ளிக்கிழமை கொலோனில் மழை. ட்ராமில் இருக்க இடம் இருந்தது, நான் இருக்கவில்லை. கடையிலிருந்து அலுவலகம்வரை இருபத்தைந்து நிமிடம், அந்தக் கடிதத்தை எல்லோரும் பார்க்கக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். என்னுடைய பெரிய வெற்றி அதுதான்.